நெல் கொள்முதலும் 'புரொக்யூர்'தான், ஜெயில் தண்டனையும் 'புரொக்யூர்'தான்! சட்டம் என்ன சொல்லுது?

எஃப்.ஐ.ஆர். செய்தியில் 'புரொக்யூரிங்' என்ற சொல்லைப் பார்த்துட்டு, "இது டெண்டர் சமாச்சாரமாச்சே, இதுக்கு எதுக்கு கைது?" என்று பலர் குழம்புகிறார்கள். குழப்பம் நியாயமானதுதான்.

லத்தீன் மொழியில் இந்தச் சொல்லின் வேருக்கு, இன்னொருவருக்காக ஒரு காரியத்தைப் பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். பொதுவாக இதைப் பயன்படுத்துவது, முயற்சி எடுத்து ஒரு பொருளைப் பெறுவதற்குத்தான். டெல்டா மாவட்டங்களில் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் எடுப்பது, ஆவின் பால் எடுப்பது எல்லாம் இந்தக் கணக்கு. இதில் வில்லங்கம் எதுவும் இல்லை.

குற்றமாவது எப்போது?

வாங்கப்படுவது பொருளாக இல்லாமல் மனிதராக இருந்தால்!

1956-ம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம், பிரிவு 5 இதைத்தான் சொல்கிறது. பாலியல் தொழிலுக்காக ஒருவரை ஏற்பாடு செய்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு கடுங்காவல். அவர் விருப்பத்துக்கு மாறாகச் செய்தால் தண்டனை 14 ஆண்டு வரை போகலாம். 16 வயது நிரம்பாத குழந்தை என்றால் ஆயுள் தண்டனை வரை போகலாம். அபராதம் மட்டும் அதிகபட்சம் 2,000 ரூபாய்தான். இந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரு தொகையா?

இங்கதான் முக்கியமான பாயிண்ட். "அந்தப் பொண்ணு சம்மதிச்சுதான் வந்துச்சு" என்று ஏஜென்ட் சொன்னால் தப்பிக்க முடியாது. சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கு. காரியம் முடிந்திருக்கணும்னுகூட அவசியம் இல்லை, முயற்சி செய்தாலே வழக்குதான். பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தாலும் இது பொருந்தும்.

புது சட்டத்தில் என்ன மாற்றம்?

பழைய ஐ.பி.சி. 366ஏ பிரிவு, 18 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளை மட்டுமே பேசியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 96-வது பிரிவில் 'குழந்தை' என்று இருக்கு. அதாவது சிறுவர்களும் உள்ளே வந்துட்டாங்க. தண்டனை 10 ஆண்டு வரை.

பிரிட்டனில் ஒரு விநோத வழக்கு

அங்கே இந்தச் சொல்லுக்கு இன்னும் அகலமான அர்த்தம். காரில் போகப்போகிற நண்பரின் பானத்தில் அவருக்கே தெரியாமல் மதுவைக் கலந்துவிட்டால்? அவர் வண்டி ஓட்டி மாட்டினால், கலந்தவரும் அந்தக் குற்றத்தை 'புரொக்யூர்' செய்தவர் ஆகலாம் என்று 1975-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இருவரும் பேசி வைத்திருக்கத் தேவையே இல்லை. ஒரு விளைவை முயன்று உண்டாக்கினால் போதும்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று குழந்தைகளை யாராவது அழைத்துப் போவதில் சந்தேகம் வந்தால் 1098-க்கு போன் பண்ணலாம். கட்டணம் கிடையாது.