எவ்வளவு, எத்தனை, எத்தனையாவது
எண்ணத் தொடங்கும் பிள்ளைகள் – 6

திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள் என் பேத்தி. நாலு வயது. ஒவ்வொன்றாக விரலால் தள்ளி, எதையும் விடாமல், எதையும் இரண்டு தடவை தொடாமல், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று முடித்தாள். "மொத்தம் எத்தனை இருக்கு கண்ணு?" என்றேன். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு முறை எண்ணினாள்.

எண்ணத் தெரிந்தவள்தான். 'எத்தனை' என்ற சொல்தான் அவளிடம் பாதி தூரம் வந்து நிற்கிறது. அவள் காதில் அது 'எண்ணு' என்ற ஏவலாக விழுகிறது. கடைசியாகச் சொன்ன 'அஞ்சு', அந்தக் கடைசிக் கொட்டையின் பெயர் அல்ல, ஐந்துக்கும் சேர்த்துச் சொன்ன பெயர் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-இல் எழுதிய ஆய்வு இதைப் பற்றியதுதான். வரிசை தவறாமல் எண்ணும் குழந்தையிடம் "மூன்று பொம்மை கொடு" என்று கேட்டால், எண்ணிப் பார்க்காமல் கையில் வந்ததை அள்ளிக் கொடுத்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் விளங்க மாதக்கணக்கில் ஆகிறது.

அந்த மாதங்களில் வீட்டில் என்ன பேசுகிறோம்? சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவைனும் உடன் ஆய்வாளர்களும் 44 வீடுகளுக்குப் போய், குழந்தைக்கு 14 மாதம் ஆனதிலிருந்து 30 மாதம் வரை ஐந்து முறை, தாய் தந்தையரின் சாதாரணப் பேச்சைப் பதிவு செய்தார்கள். அத்தனை பதிவிலும் சேர்த்து ஒரு வீட்டில் எண் சொற்கள் வந்தது வெறும் 4 முறை. இன்னொரு வீட்டில் 257 முறை. எண்களை அதிகம் கேட்டு வளர்ந்த குழந்தைகள், நாலு வயதை நெருங்கும்போது எண்களின் பொருளை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கண்ணெதிரே இருக்கும் பொருளைக் காட்டிப் பேசியதே கூடுதலாக உதவியது என்று அடுத்த ஆய்வில் தெரிந்தது. அதனால் பேத்தியிடம் இப்போது கேள்வியைக் குறைத்துவிட்டேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு கொட்டை" என்று நானே சேர்த்து முடிக்கிறேன். அந்தக் கடைசி இரண்டு சொற்களைத்தான் நாம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

தமிழ்க் குழந்தைக்கு 'எத்தனை'யோடு 'எவ்வளவு'ம் கிடைக்கிறது. எண்ணக்கூடியதற்கு எத்தனை, அளக்க வேண்டியதற்கு எவ்வளவு. இட்லி எத்தனை, சாம்பார் எவ்வளவு. பேச்சில் இப்போது "எவ்ளோ பேரு வந்தாங்க?" என்று எல்லாவற்றையும் 'எவ்ளோ'வில் போட்டுவிடுகிறோம். பெரியவர்களுக்குள் பேசும்போது பரவாயில்லை. சின்னப் பிள்ளையிடம் "எத்தனை பேரு?" என்றே கேளுங்கள் என்று வற்புறுத்துவேன். காரணம், அளவை என்ற முழுக் கணக்கும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. அரிசி எவ்வளவு? பதில் சொல்ல முடியாது. கையில் ஒரு டம்ளரை எடுத்தவுடன் கேள்வி மாறிவிடுகிறது: எத்தனை டம்ளர்? பெரிய டம்ளரில் அளந்தால் இரண்டு, சின்னதில் அளந்தால் மூன்று. அரிசி என்னவோ அதேதான். உலை வைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி இதைச் செய்து காட்டுங்கள். பூக்காரம்மா முழம் போடும்போதும் இதேதான் நடக்கிறது. அவர் கைக்கு இரண்டு முழம், பிள்ளையின் கைக்கு எத்தனை?

மூன்றாவது சொல், எத்தனையாவது. இதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகக் கேட்க முடியாது. சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். நமக்கோ 'எத்தனை'யோடு ஓர் 'ஆவது' ஒட்டினால் போதும். "மூணு படி ஏறு" என்பதும் "மூணாவது படியில நில்லு" என்பதும் வேறு வேறு என்று உடம்பால் உணர மாடிப்படியை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஏறிக்கொண்டே "இப்ப எத்தனையாவது படி? இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்கலாம். எண்ணும் வரிசையும் மிச்சமும் ஒரே ஏற்றத்தில் வந்துவிடும்.

பேத்தியின் அண்ணனுக்கு ஆறு வயது. நூறு வரை எண்ணுகிறேன் என்று போன வாரம் ஓடி வந்தான். எண்பத்தொன்பது வரை தடங்கலே இல்லை. அதற்கப்புறம் ஒரு நொடி யோசித்து, "ஒன்பதுபது" என்றான். அறுபது, எழுபது, எண்பது என்று வந்தவன் வேறென்ன சொல்வான்? நூறே வராத இடத்தில் நூறு ஒலிக்கும் 'தொண்ணூறு' எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.