உப்புக்காற்றில் ஓர் ஒலிப்பெட்டி

ஆனி மாதத்திலே நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குச் செல்லும் அன்பர்கள் குறிகாட்டுவான் துறையில் படகுக்குக் காத்து நிற்கையில், ஆலயத்து நாதஸ்வர ஓசை கடலைத் தாண்டி மிதந்து வந்து காதில் விழுவதுண்டு. சோளகக் காற்றுக்கும் உச்சியிலே கட்டப்பட்ட ஒலிபெருக்கிக் குழல்களுக்கும் நாம் அதற்காக நன்றி சொல்லவேண்டும். ஆயின் அந்தத் தகரக் குழல்களைப் பற்றி எழுத நாம் இங்கு முற்படவில்லை. வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்பதற்கென்று மாணவர்களும் இளைஞர்களும் தம் கையாலேயே செய்துகொள்ளும் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றியும், சிறப்பாக அதற்கு வர்ணம் பூசி முடிக்கும் முறையைப் பற்றியுமே சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

பெட்டியைச் செய்து முடித்தபின் பூசும் வர்ணத்தை வெறும் அலங்காரமென்றே பலரும் எண்ணுகின்றனர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்துக்கு நாம் கொடுக்கவிருந்த விலை சிறிதன்று.

எமது தந்தையார் அருமையாகப் பேணிய வால்வு வானொலி ஒன்று வீட்டில் இருந்தது. 1990களின் இடப்பெயர்வு முடிந்து தீவுக்குத் திரும்பியபோது அதன் மரக்கூட்டைக் கறையான் தின்றிருந்தது. உள்ளிருந்த கம்பிகள் பச்சைபிடித்துப் போயிருந்தன. எட்டங்குல ஸ்பீக்கர் ஒன்றுமட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அந்தக் குரலையாவது வீட்டில் மீண்டும் கேட்கவேண்டும் என்ற ஆசையினாலே அதற்கொரு பெட்டி செய்தோம். யாழ்ப்பாணத்தில் வாங்கிய பிளைவுட் பலகைகளைப் படகின் மேற்தட்டில் கிடத்திக் கொண்டுவந்தோம். வழியிலே அலை தெறித்துப் பலகை நனைந்ததைப் பொருட்படுத்தவில்லை. கொடியேற்றத்துக்கு வரும் உறவினர் பார்க்கவேண்டுமென்ற அவசரத்தில், சோளகம் வீசிக்கொண்டிருந்த முற்றத்திலேயே வைத்து எனாமல் பூசினோம். மறுநாட் காலையில் தடவிப் பார்த்தபோது, பூசிய பெட்டியே மணற்கடதாசியைப் போலிருந்தது!

அதுவாவது சிரிக்கத்தக்க குறை. மாரிகாலம் வந்ததும் பெட்டியின் அடிப்பலகை ஊதியது. மூலைப் பொருத்து விரிந்தது. தாழ்ந்த சுரங்கள் வரும்போதெல்லாம் அந்த இடைவெளியால் காற்று 'உஸ்' என்று சீறிற்று. கழற்றிப் பார்த்தால், ஈரம் பட்டு ஸ்பீக்கரின் கூம்புக் கடதாசி ஓரத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாரி கழிந்திருந்தால் தந்தையாரின் வானொலியில் எஞ்சிய அந்த ஒன்றும் போயிருக்கும்.

பெட்டி எதற்காக என்பதை மாணவர்கள் முதலில் அறிந்துகொள்ளல் நன்று. செஸ்டர் றைஸ், எட்வேட் கெலோக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு கூம்பை அசைக்கும் ஒலிபெருக்கியை 1925இல் விவரித்தனர். அதே ஆண்டு டிசெம்பரில்தான் கொழும்பு வானொலியும் ஒலிபரப்பைத் தொடங்கியது. கூம்பு முன்னோக்கித் தள்ளும்போது பின்புறத்தில் காற்று இழுபடுகிறது. முன்னும் பின்னும் எழும் இவ்வலைகள் ஒன்றையொன்று சந்தித்தால் தாழ்ந்த சுரங்கள் அழிந்துபோகும். அவற்றைப் பிரித்து வைப்பதே பெட்டியின் தொழில். முற்காலத்தில் நம்மவர் மட்பானையின் வாயிலே ஸ்பீக்கரைப் பொருத்திக் கேட்டதும் இதே காரணத்தினாலேதான். 1990களின் முற்பகுதியில், மின்சாரம் அற்ற யாழ்ப்பாணத்திலே துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை. 1954இல் எட்கார் வில்ச்சர் என்பவர் முற்றாக மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்திக் காட்டினார். அத்தகைய பெட்டியில் ஊசிமுனை இடைவெளியும் குற்றமாகும். ஆகவே தீவுக்காரருக்கு வர்ணம் என்பது பெட்டியின் தோல். அதனை அழகுச் சாமான்களோடு சேர்த்து எண்ணலாகாது.

முதலாவது எதிரி உப்பு. கடல்நீர் தெறித்த பலகையை அப்படியே காயவைத்தால் உப்பு உள்ளேயே தங்கி, ஈரக்காற்று வரும்போதெல்லாம் நீரை இழுத்துப் பூச்சை மேலே கிளப்பும். பலகையை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, நிழலிலே பல நாள் உலரவிடவேண்டும். நமது கிணறுகள் பலவற்றில் நீர் உவர். அந்த நீரால் துடைப்பது உப்பை உப்பால் கழுவுவதாகும். சேமித்த மழைநீர் ஒரு போத்தல் போதும்.

பலகையின் முகத்தைவிட வெட்டிய விளிம்பே அதிகம் நீர் குடிக்கும். இக்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் எம்.டி.எப். பலகையின் விளிம்போ பாணைப்போல ஊறும். வெள்ளைப் பசையிற் சமபங்கு நீர் கலந்து விளிம்புகளில் இருமுறை பூசி, காய்ந்தபின் தேய்த்தால் அவ்வாய்கள் அடைபடும். பொருத்துகளின் உட்புறத்திலும் பசையை வழியவிட்டு அடைக்கவேண்டும். இரும்பாணி வேண்டாம், அது பூச்சுக்குள்ளே துருவேறிச் செங்கண்ணீர் வடிக்கும். பித்தளைத் திருகாணி சற்று விலைகூடியது என்றாலும் அதுவே நமது காற்றுக்கு ஏற்றது. படகு கட்டும் ஓடாவியார் ஒருவரைக் கேட்டால் இதனை நம்மிலும் நன்றாகச் சொல்வார்.

தேய்ப்பதற்கு முன் ஸ்பீக்கரைக் கழற்றி வேறோர் அறையில் மூடிவைக்க மறவாதீர்கள். ஆணியின் இரும்புத்தூள் காந்த இடுக்கில் ஒட்டிவிட்டால் எடுப்பது அரிது. 120 இலக்க மணற்கடதாசியில் தொடங்கி 180, 240 என்று ஏறவேண்டும். தூசியை மூக்குத்துணி கட்டிக்கொண்டே தட்டுங்கள். பழைய கதவு, அலுமாரிப் பலகை எனின் அதிலுள்ள பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதனை உலர்ந்தபடி தேய்ப்பதும், தூசி பறக்குமிடத்தில் குழந்தைகளை விடுவதும் தகாது.

பின்பு பிறைமர் ஒருமுறை. அது காய்ந்ததும் 320 இலக்கக் கடதாசியால் மெல்லத் தடவி, எனாமலை மெல்லிய பூச்சுகளாக இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாளாவது விட்டுப் பூசவேண்டும். தடித்த ஒரு பூச்சு மேலே தோல்கட்டி உள்ளே பச்சையாகவே இருக்கும். பெட்டியின் உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை என்று விட்டுவிடுகிறோம், ஈரம் பார்க்குமே! உள்ளும் ஒரு பூச்சு கட்டாயம் வேண்டும். அடிப்பலகைக்கு இன்னும் ஒன்று கூட்டினாலும் தவறில்லை.

பூவரசு, வேம்பு, தேக்கு என நல்ல மரம் வாய்த்தவர்கள் அதன் ரேகையை எனாமலால் மறைப்பது பாவம். அரக்கை ஸ்பிறிற்றில் கரைத்து, பஞ்சைச் சுற்றிய துணியால் மெல்ல மெல்லத் தேய்த்தேற்றும் மெருகு கண்ணுக்கு இனிது. ஆனால் ஈரத்தில் அது வெண்மை படரும் இயல்புடையது. தீவிலே அதன்மேல் வார்னிஷ் பூசிக் காப்பதே புத்தி.

காலத்தைப்பற்றி எமது தீர்ப்பு உறுதியானது. சோளகத்தில் மணல், மாரியில் ஈரம். மாசி, பங்குனி மாதங்களே பூசுவதற்கு உகந்தவை. காலைப்பனி நீங்கிய பின், நேர்வெயில் படாத திண்ணையில் பூசுக. தின்னர் ஆவி தீப்பற்றும். ஆதலின் அடுக்களைப் பக்கம் கூடவே கூடாது. பூசிய பெட்டியின் மணம் முற்றாக நீங்கும்வரை, அதாவது இரு வாரமளவு, ஸ்பீக்கரைப் பொருத்தாதிருங்கள்.

நமக்குத் தெரிந்த மாணவர் ஒருவர், மிகுந்த வர்ணத்தை வீணாக்க மனமின்றிக் கூம்பையும் சேர்த்தே வெள்ளியாக்கிவிட்டார். பார்வைக்குக் கோயிற் குடம்போலப் பளபளத்தது. பாரத்தினால் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து அழைப்பதுபோலாயிற்று.

எமது இரண்டாவது பெட்டியை ஒரு மாசி மாதத்தில் பூசினோம். கூம்பின் பூஞ்சண ஓரத்தை மெல்லிய கடதாசியும் பசையும் கொண்டு ஒட்டினோம். அந்த ஓரம் உரத்த ஒலியில் இன்னமும் சிறிது நடுங்குகிறது. ஆதலின் செய்தியும் தேவாரமும் தாழ்ந்த ஒலியிலேயே கேட்கிறோம். பின் மூலையில் நெல்மணியளவு பூச்சு ஒன்று எழும்பியிருக்கிறது. வருகிற பங்குனியில் அதைச் சுரண்டிப் பூசவேண்டும்.