பிறக்கும் முன்பே தெரியவரும் பித்தநாளக் கோளாறு



கருவுற்ற தாய்மாருக்கு 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேனில், சிசுவின் இருதயம், சிறுநீரகம், முதுகெலும்பு ஆகியவற்றோடு, கல்லீரலின் அடியிலுள்ள சின்னஞ்சிறு பித்தப்பையையும் பார்க்க முடிகிறது. அங்கே இரண்டு விதமான மாற்றங்கள் தென்படலாம்.

முதலாவது, பித்தப்பை காணப்படாமை. உடனே கலங்க வேண்டியதில்லை. சில நாட்கள் கழித்து மறுபடியும் பார்த்தால் பெரும்பாலும் அது தெரிந்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே பித்தப்பை இருக்காது. அது இல்லாமலே அவர்கள் சுகமாக வாழலாம். ஒரு சிலருக்கு மட்டும் அது பித்தநாள அடைப்பு, சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் பரம்பரை நோய், குரோமோசோம் குறைபாடு ஆகியவற்றில் ஒன்றின் அடையாளமாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, கல்லீரலின் அடியில் நீர் நிறைந்த கட்டி. இது பித்தநாளம் பலூன்போல் விரிவதால் உண்டாவதாக இருக்கலாம். ஆசிய நாடுகளிலும், பெண் குழந்தைகளிடத்திலும் இது அதிகம். பிறந்தபின் கட்டியை அகற்றி, பித்தநாளத்தைக் குடலோடு இணைத்துவிட்டால் நல்ல சுகம் கிடைக்கும். ஆனால் பித்தநாள அடைப்பிலும் சில சமயம் இதேபோன்ற கட்டி காணப்படும். கருவிலேயே இரண்டையும் நிச்சயமாகப் பிரித்தறிவது கடினம். ஆகவே குழந்தை பிறந்த சில நாட்களுக்குள் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

ஏன் இந்த அவசரம்? அடைப்பு இருந்தால் பித்தநீர் குடலுக்குப் போக வழியின்றிக் கல்லீரலிலேயே தேங்கி அதை அழிக்கும். சிகிச்சை பெறாத குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1959-ல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார். அடைபட்ட நாளங்களை நீக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியை நேரே கல்லீரலோடு இணைப்பதே அது. பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். அப்படிச் செய்தும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று சிகிச்சை தேவைப்படுகிறது. எனினும் குழந்தை வளர்ந்து பலப்பட அவகாசம் கிடைக்கிறது.

இன்னொரு காரியத்தையும் மறக்கலாகாது. பித்தநாள அடைப்புள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கர்ப்பகால ஸ்கேனில் எதுவுமே தெரிவதில்லை. ஸ்கேன் நன்றாயிருந்தது என்று இருந்துவிடாமல், தாய் இவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. பிறந்து 14 நாட்களுக்குப் பின்னும் கண்ணில் மஞ்சள் நிறம்.
2. சுண்ணாம்பைப்போல் அல்லது களிமண்ணைப்போல் வெளிறிய மலம்.
3. துணியில் மஞ்சள் கறை படியச் செய்யும் சிறுநீர்.

"இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இந்தக் காமாலை வெயிலுக்குக் குறையாது. காத்திருக்கும் நாட்கள்தான் வீணாகும். தைவான் நாட்டில் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டையை 2004 முதல் எல்லாத் தாய்மாருக்கும் கொடுத்து, இந்நோயைச் சீக்கிரமாய்க் கண்டுபிடிக்கிறார்கள்.

உங்கள் உறவிலோ அண்டை வீட்டிலோ பச்சிளம் குழந்தை இருந்தால், இந்த மூன்று அடையாளங்களையும் அதன் தாய்க்குத் தவறாமல் சொல்லுங்கள்.