படம் போடு... நாட்டைத் தேடு!

"ஏதாவது ஒரு நாட்டைப் பற்றித் தகவல் திரட்டி வாருங்கள்" என்று வகுப்பில் சொன்னால் என்ன செய்வீர்கள், குட்டீஸ்? இன்டர்நெட்டில் தேடி, வந்ததை அப்படியே பிரின்ட் எடுத்து, சார்ட்டில் ஒட்டி, சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்து கொடுத்துவிடுவீர்கள், இல்லையா?

ஆனால், "நேபாளத்தில் கடலே இல்லையே, கப்பலில் வரும் சரக்கு அங்கே எப்படிப் போகிறது?" என்று டீச்சர் கேட்டால்? திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான்! ஒட்டியதெல்லாம் சார்ட்டில் இருக்கிறது, மனதில் இல்லை.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. தகவலைப் படமாகப் போடுவது! ஓவியம் வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. கட்டம், கோடு, வட்டம் போதும். நேபாளத்தையே எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போமா?

மூன்று கட்டம்

புத்தகத்தைத் திறக்கும் முன்பே ஒரு தாளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் 'எனக்குத் தெரிந்தது'. இரண்டாவதில் 'தெரிய வேண்டியது'. மூன்றாவதில் 'தெரிந்துகொண்டது'. அமெரிக்கக் கல்வியாளர் டோனா ஓகிள் 1986ல் அறிமுகப்படுத்திய முறை இது.

'எவரெஸ்ட் இருக்கிறது' என்பது முதல் கட்டம். 'கடல் இல்லாமல் சரக்கு எப்படி வருகிறது?' என்பது இரண்டாவது. தேடிப் படித்த பிறகு, 'கொல்கத்தா துறைமுகத்தில் இறங்கி, லாரியிலும் ரயிலிலும் போகிறது' என்று மூன்றாவதை நிரப்புவீர்கள். கேள்வியோடு தேடிய பதில் மறக்கவே மறக்காது!

சிலந்தி வலை

அடுத்து, நடுவில் ஒரு வட்டம் போட்டு 'நேபாளம்' என்று எழுதுங்கள். சிலந்திக்குக் கால் வரைவதுபோல் சுற்றிலும் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் நிலம், ஆறு, பயிர், தொழில், மொழி, ஆட்சி என்று ஒரு தலைப்பு. ஒரு தலைப்புக்கு நான்கைந்து சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது. அப்போதுதான் காப்பி அடிக்க முடியாது. படித்துப் புரிந்துகொண்டு சுருக்கியே ஆக வேண்டும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. ஒரு காலையும் இன்னொரு காலையும் இணைக்க முடியுமா என்று பாருங்கள். வடக்கே இமயமலை. அங்கே உருகும் பனியும் மழையும் கோசி, கண்டகி, கர்னாலி ஆறுகளாக ஓடுகின்றன. எனவே 'நிலம்' என்பதிலிருந்து 'ஆறு' என்பதற்கு ஓர் அம்புக்குறி. ஆறுகள் மலையிலிருந்து வேகமாக இறங்குவதால் நீர்மின்சாரம் கிடைக்கிறது. 'தொழில்' என்பதற்கு இன்னோர் அம்பு. தெற்கே தராய் சமவெளியில் நெல் விளைகிறது. 'பயிர்' என்பதற்கு ஓர் அம்பு. தனித்தனியாக இருந்த தகவல்கள் கைகோத்து நிற்பதைப் பார்த்தீர்களா?

இரண்டு வட்டம்

ஒரு நாட்டை நன்றாகப் புரிந்துகொள்ள, பக்கத்தில் இன்னொரு நாட்டை வைத்துப் பார்க்க வேண்டும். பூட்டானை வைப்போம். ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியது போல இரண்டு வட்டங்கள் வரையுங்கள். இங்கிலாந்து அறிஞர் ஜான் வென் 1880ல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற படம் இது. கணக்குப் பாடத்தில் 'வென்படம்' என்று படிக்கிறோமே, அதேதான்!

நேபாள வட்டத்தில்: நாற்கோண வடிவில் இல்லாத ஒரே தேசியக் கொடி. பூட்டான் வட்டத்தில்: கொடியில் டிராகன், நிலத்தில் 60 சதவீதமாவது காடாக இருக்க வேண்டும் என்று சொல்லும் அரசியல் சட்டம். இரண்டுக்கும் பொதுவான நடுப்பகுதியில்: இமயமலை, கடல் இல்லை, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையில் இருப்பது, 2008ல் ஆட்சி முறை மாறியது.

இங்கே ஒரு புதிர்! அதே 2008ல் நேபாளத்தில் மன்னராட்சி ஒழிந்தது. பூட்டானில் மன்னர் அப்படியே இருக்க, மக்கள் ஓட்டுப் போட்டு நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்? நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 2006ல் மக்களே மன்னரை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். பூட்டானிலோ மன்னரே முன்வந்து ஜனநாயகத்துக்கு வழிவிட்டார். இரண்டையும் தனித்தனியாகப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது!

வருடத்தைப் பாருங்கள்

பழைய அட்லஸில் 'நேபாள முடியரசு' என்று இருக்கும். எவரெஸ்டின் உயரம் 8,848 மீட்டர் என்று சில புத்தகங்களில் இருக்கும். நேபாளமும் சீனாவும் 2020ல் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். அதனால் ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் எந்தப் புத்தகம், எந்த வருடம் என்று சிறிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் முடித்த பிறகும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். பூப்போட்டு மறைக்கவும் வேண்டாம். அடுத்து நீங்கள் தேட வேண்டியது எது என்று அந்தக் காலிக் கட்டம்தான் சொல்கிறது!

சரி, குட்டீஸ்... இந்த விடுமுறையில் நீங்கள் தேடப் போவது எந்த நாடு?