உஷார்! பைக்கில் போய்க் கூடாரத்தில் தூங்கும் பிள்ளைகளே!

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் காட்டுங்கள். இந்தச் சனிக்கிழமை அவன் கிளம்புவதற்குள் காட்டிவிடுங்கள்.

சனிக்கிழமை மதியம் பைக்கில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஏதோ ஒரு மலை, ஒரு ஆற்றங்கரை, ஒரு ராத்திரி. ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பி, திங்கள் காலை வேலைக்கும் போய்விடுகிறார்கள். மழை, வெயில், பனி எதையும் பார்ப்பதில்லை, வருஷம் முழுக்கப் போகிறார்கள். பையன்கள் மட்டுமில்லை, பெண் பிள்ளைகளும் போகிறார்கள். போகட்டும். ஆனால் கிளம்பும்போது அம்மா சொல்வது ஒரே வாக்கியம்தான்: ‘வண்டியை மெதுவா ஓட்டு.’

ஓட்டும்போது இருக்கும் ஆபத்து நமக்குத் தெரியும். தூங்கும்போது வரும் ஆபத்து நம்மில் பலருக்குத் தெரியாது. நடந்ததைக் கேளுங்கள்.

என் தோழியின் மகன். பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பொங்கல் லீவில் நான்கு பேர், இரண்டு பைக், மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல். அங்கிருந்தும் தாண்டி, மேல்மலையில் ஒரு தோட்டத்து ஓரம் கூடாரம் போட்டார்கள். தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டுத்தான் போட்டார்கள். குடிக்கவில்லை. காட்டுக்குள் போகவில்லை. தப்பு என்று நாம் சொல்லும் எதையுமே அந்தப் பிள்ளைகள் செய்யவில்லை.

இரும்பு அடுப்பில் அடுப்புக்கரி போட்டுக் கோழி சுட்டுச் சாப்பிட்டார்கள். தை மாசத்துக் குளிர், விரல் மரத்துப்போகிறது. அடுப்பில் தீ அடங்கி, சாம்பல் பூத்த தணல் மட்டும் சிவந்து கிடந்தது. புகையும் இல்லை. ‘தீ இல்லையே, தணல்தானே’ என்று அடுப்பைக் கூடாரத்தின் வாசலுக்குள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்கள். மூன்று பேர் படுக்கும் கூடாரத்தில் நான்கு பேர். மேலே மழைத் துணி. ஜிப்பை அடிவரைக்கும் இழுத்து மூடினார்கள். கதகதப்பாக இருந்தது. தூங்கிவிட்டார்கள்.

மூன்று மணி இருக்கும். ஒருவனுக்குச் சிறுநீர் முட்டியதில் விழிப்பு வந்தது. தலை பிளக்கிறது. எழுந்தால் கால் நிற்கவில்லை. தவழ்ந்துபோய் ஜிப்பைத் தேடித் திறந்து, பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே என்று விழுந்தான். குளிர்காற்று முகத்தில் பட்டபிறகுதான் அவனுக்குக் கொஞ்சம் தெளிந்தது. மற்றவர்களைக் கூப்பிட்டான். பதில் இல்லை. காலைப் பிடித்து ஒவ்வொருவராக வெளியே இழுத்தான். ஒருவன் வாந்தி எடுத்துக்கொண்டே கண் திறந்தான். இரண்டு பேர் திறக்கவில்லை. அதில் ஒருவன் என் தோழியின் மகன்.

நல்ல காலம், விடியும் முன்பே காரட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் அந்தப் பக்கம் வந்தது. மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, அதில் பிள்ளைகளைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார் அந்த டிரைவர். ஆஸ்பத்திரியில், கோழி சரியாக வேகவில்லையோ என்று பையன்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ‘உள்ளே என்ன எரிஞ்சுது?’ என்று கேட்டார். ‘ஒண்ணும் எரியல சார், வெறும் தணல்தான்’ என்றான் தப்பித்தவன்.

அந்தத் தணல்தான் எமன்.

எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது போய் ஒட்டிக்கொள்ளும். மூச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும். மூளைக்கு ஆக்சிஜன் போகாது. தூங்குகிறவனை இது எழுப்பாது. தூக்கத்தை மயக்கமாக்கிவிடும், அவ்வளவுதான். புகை நின்றுவிட்டதே என்று நினைக்கும் நேரத்தில்தான் தணல் இதை நிறைய விடுகிறது. கரி அடுப்பு மட்டுமில்லை. கூடாரத்துக்குள் கேஸ் ஸ்டவ் எரித்தாலும் ஆபத்துதான்.

என் தோழியின் மகன் பிழைத்தான். இரண்டு நாள் ஆக்சிஜன். ஆனால் மாசக்கணக்கில் அவனுக்குச் சின்னச் சின்ன வார்த்தைகள் நாக்கில் வரவில்லை. ‘அம்மா, அந்த... அந்த...’ என்று கையால் காட்டுவான். டம்ளரைத்தான் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிவதற்குள் அவள் கண் நிறைந்துவிடும். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஆகவே கவனியுங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கால் துவளுவது, பேச்சில் குழப்பம். கூடாரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் அதைக் குளிர் என்றோ சாப்பாடு என்றோ நினைக்காதீர்கள். ஜிப்பைத் திறங்கள், வெளியே வாருங்கள், எல்லோரையும் இழுங்கள். 108-க்கு அழையுங்கள். உள்ளே என்ன எரிந்தது என்பதை டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். காற்று பட்டதும் தெளிந்துவிட்டது என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். பாதிப்பு சில வாரம் கழித்தும் தலைகாட்டும்.

குளிருக்கு? இன்னொரு கம்பளி, தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ், கீழே கனமான பாய். ஊட்டிப் பக்கம் மார்கழி, தை மாசங்களில் புல்லின்மேல் உறைபனி படியும் அளவுக்குக் குளிரும். குளிர் தாங்க முடியாவிட்டால் அறை எடுங்கள். நெருப்பு மட்டும் வெளியே, தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகே படுக்கை.

சரி, குளிர்காலம் முடிந்தால் பயமில்லையா? மாசி பிறந்துவிட்டால் மலைப்புல் காய்ந்து பொரியாகக் கிடக்கும். 2018 மார்ச் 11-ஆம் தேதியை மறந்துவிட்டோமா? தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயது. காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கி ஓடும், ஆளைவிட வேகமாக ஓடும். மேலே ஏறித் தப்பலாம் என்பது நடக்காது. மாசியிலிருந்து நல்ல மழை விழும்வரை புல்வெளிச் சரிவில் கூடாரம் வேண்டாம். இருட்டில் தூரத்து மலையில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். கிளம்பிவிடுங்கள்.

காட்டுக்குள் இஷ்டப்பட்ட இடத்தில் தங்குவது சட்டப்படியே குற்றம். குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. அனுமதி வாங்கிய பாதை, கூட வரும் வழிகாட்டி, இரண்டும் நம் நன்மைக்குத்தான். திம்பம் மலைப்பாதையிலும் பந்திப்பூர்ச் சாலையிலும் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறதென்றால் காரணம் இல்லாமலா? ராத்திரி அந்தச் சாலை யானைக்கும் புலிக்கும் மானுக்கும் உரியது.

யானை என்றதும் பிளிறல் கேட்கும், ஓடிவிடலாம் என்று நினைக்கிறார்கள். கேட்காது! அத்தனை பெரிய உருவம் பஞ்சுமேல் நடப்பதுபோல வந்து நிற்கும். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி அருகே, காசு கட்டித் தங்கிய இடத்தில், கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்ணை யானை கொன்றது. ஈரம் காயாத லத்தி, மண் அப்பி உரசிய மரம், முறிந்த கிளை, காலால் மிதிபட்டு அகலமான ஒற்றைத் தடம், இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த இடம் வேண்டாம். வாழைப்பழத்தையும் உப்பையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

வைகாசி பிறந்தால் தண்ணீர். ஆற்றுப் படுகையில் மணல் மெத்தைபோல இருக்கும், சமமாக இருக்கும், கூடாரம் போடு போடு என்று கூப்பிடும். அந்த மணலை அங்கே கொண்டுவந்து பரப்பியது யார்? வெள்ளம்தானே! 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுப் பிள்ளை ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான். நாம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு விழ வேண்டியதில்லை. மேலே மலையில் பெய்தால் போதும். அது பட்டப்பகல். பார்க்க, கத்த, ஓட ஆட்கள் இருந்தார்கள். நள்ளிரவில், ஜிப் போட்ட துணிக்குள், யார் இருப்பார்கள்? தெளிந்த நீர் சட்டென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலே எங்கோ லாரி வருவதுபோல ஓர் இரைச்சல். பையை எடுக்காதீர்கள், பைக்கைப் பார்க்காதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள். பைக்கை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

இடி மின்னலா? ஒற்றை மரத்தடியும் மொட்டைப் பாறையும் ஆகாது. கூடாரத் துணி மின்னலைத் தடுக்காது.

இனி பாம்பு. சமவெளியிலும் மலையடிவாரத்திலும் படுக்கிறவர்கள் இதை இரண்டு தரம் படியுங்கள். நல்ல பாம்பு படம் எடுக்கும், கண்ணாடிவிரியன் குக்கர்போலச் சீறும். கட்டுவிரியன் சத்தமே போடாது. அது நடமாடுவது ராத்திரியில். தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். பல் சின்னது. கடி எறும்பு கடித்ததுபோல இருக்கும், இல்லை உறைக்கவே உறைக்காது. காலையில் பார்த்தால் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பான். ‘கேஸ்தான்’ என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அப்புறம் இமை கனக்கும், கண்ணைத் திறக்கச் சொன்னால் நெற்றியைச் சுருக்குவானே தவிர இமை மேலே போகாது. ஒன்று இரண்டாகத் தெரியும். எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். கடைசியில் மூச்சு.

வெளியில் தரையில் படுத்து எழுந்தவனுக்கு வயிற்று வலியும் இமைத் தொங்கலும் சேர்ந்து வந்தால் அது பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள், ஆளை நடக்கவிடாதீர்கள். மந்திரிப்பவரிடம் போகும் நேரம் விஷம் ஏறும் நேரம். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும். கிளம்பும் முன்பே அருகில் எது பெரிய அரசு ஆஸ்பத்திரி, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘கூடாரம் எதற்கு, வானத்தைப் பார்த்துப் படுப்போம்’ என்று பைக் பக்கத்தில் வெறும் பாயை விரிக்கும் ஆசை வேண்டவே வேண்டாம். அடித்துணியோடு சேர்த்துத் தைத்த, ஜிப் சரியாக மூடும் கூடாரம் போதும். காற்று போகும் வலை ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். மிச்சச் சோற்றை வெளியே கொட்டினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். காலையில் ஷூவை உதறாமல் கால் விடக்கூடாது.

இன்னொன்று ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து வரும். மழைக்காலத்திலும் அதற்கடுத்த குளிரிலும் புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். அது கடித்தால் வரும் காய்ச்சல் ஸ்க்ரப் டைஃபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். அக்குளிலோ, இடுப்புப் பட்டையிலோ, தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. கண்டுபிடித்தால் மாத்திரையில் குணமாகும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளைவரை போகும். காய்ச்சல் என்று டாக்டரிடம் போகும் பிள்ளை, ‘ரெண்டு வாரம் முன்னாடி வெளியில புல்லுல படுத்தேன்’ என்ற ஒரு வரியைச் சொன்னால் போதும். அதைச் சொல்வதே இல்லை!

கடைசியாக ஞாயிற்றுக்கிழமைத் திரும்பல். ராத்திரி பாதி தூக்கம், காலையில் மலை இறக்கம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேர், பின்னால் மூட்டை, பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். பாதியில் நிறுத்துங்கள், ஆறவிடுங்கள். கொட்டாவி வந்தால் டீக்கடை, முகம் கழுவல், அரை மணித் தூக்கம். திங்கட்கிழமை வேலை காத்திருக்கும்.

அம்மாக்களே, போகாதே என்று சொன்னால் சொல்லாமல் போவார்கள். அதனால் இதைக் கேளுங்கள்: எந்த ஊர், எந்த இடம், யாருடைய நிலம், கூட யார் யார், அவர்கள் வீட்டு நம்பர் என்ன, ஞாயிறு எத்தனை மணிக்குப் பேசுவாய். ஒரு தாளில் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மலையில் சிக்னல் இருக்காது, தாள் இருக்கும்.

கண்ணுகளா, நீங்கள் பத்து தடவை போய் வந்திருப்பீர்கள். அந்த நான்கு பேரும் அப்படித்தான். இந்த ராத்திரி படுக்கும் முன் அடுப்பில் தண்ணீரை ஊற்று. அது ‘உஸ்’ என்று அடங்கிய பிறகு உள்ளே போ.

விடிந்ததும் வீட்டுக்கு ஒரு போன் பண்ணு.