பொருளுக்கு விலை இரண்டு



மின்சாரப் பொருள் ஒவ்வொன்றுக்கும் விலை இரண்டு உண்டு. கடையில் கொடுப்பது ஒன்று. மாதந்தோறும் மின்கட்டணமாகக் கொடுப்பது மற்றொன்று. முதல் விலையைப் பேரம் பேசிக் குறைக்கும் நாம், இரண்டாவதை எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டத்துப் பெற்றோர் ஒருவர் பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றை மலிவாக வாங்கினார். சில திங்கள் சென்றபின், உயர்ந்துவிட்ட மின்கட்டணச் சீட்டுடன் கவலையோடு நம்மிடம் வந்தார். அவர் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இரண்டாவது விலையை மக்களுக்கு உணர்த்த நம் அரசாங்கம் பல்லாண்டுகளாக முயன்று வருகிறது. 2011ஆம் ஆண்டில், தகுதி பெற்ற குடும்பங்கள் ஐந்து நட்சத்திரக் குளிர்பதனப் பெட்டி வாங்கியபோது 200 வெள்ளி கழிவு வழங்கப்பட்டது. 2013இல் குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி, தொலைக்காட்சி, காற்றாடி, மின்விளக்கு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சச் சிக்கனத் தரம் கட்டாயமாக்கப்பட்டது. எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

கடையிலுள்ள புதிய குளிர்பதனப் பெட்டியில் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திரச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். நட்சத்திரம் ஐந்தாயின் சிக்கனம் மிகுதி என்பது பொருள். ஆயினும் அது மட்டும் போதாது. பெரிய பெட்டி ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தும், சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் உண்ணக்கூடும். ஆகவே, ஓராண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று அச்சீட்டில் காட்டும் எண்ணையும் நோக்குதல் வேண்டும். 1,000 வாட் ஆற்றல் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட்.

ஒரே அளவுள்ள இரு பெட்டிகளில் ஒன்றுக்கு 300 யூனிட், மற்றதற்கு 450 யூனிட் எனக் கொள்வோம். வேற்றுமை ஆண்டுக்கு 150. பத்தாண்டில் 1,500 யூனிட்! விளக்கும் அவ்வாறே. 60 வாட் குண்டு விளக்கு நாளும் ஐந்து மணி நேரம் எரிந்தால், முப்பது நாளில் 9 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. விளக்கிற்கோ ஒன்றரை யூனிட்டும் ஆகாது.

மாணவர்களே! அச்சீட்டு மலாய் மொழியில் உள்ளது. நீங்கள் வகுப்பில் கற்ற மலாயும் கணக்கும் இங்கேதான் பயன்படும். பெற்றோர் கடைக்குச் செல்லுங்கால் உடன் சென்று, சீட்டைப் படித்துப் பொருள் கூறுங்கள். காஹாங் வட்டாரத்தில் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தில் ஒரு பகுதியேனும் உங்கள் கல்விக்கு மிஞ்சட்டும். சிறு துளி பெரு வெள்ளம்!