பூவைப் பார்த்த கண்
யப்பானியப் பாண்டக் கலைஞர் தோமிமோத்தோ கென்கிச்சி

மண்ணைப் பிசைந்து, சக்கரத்திலிட்டுக் கலமாக வனைந்து, தீயிற் சுட்டெடுக்கும் தொழில் உலகின் பழந்தொழில்களுள் ஒன்று. வனைந்த கலத்தின்மேற் கோடும் கொடியும் பூவுந் தீட்டி அழகு செய்யும் வழக்கமும் மிகப் பழையதே. தலைமுறை தலைமுறையாக வரும் இத்தகைய தொழிலில் ஓர் இடர் மறைந்திருக்கிறது. தந்தை தீட்டிய பூவைப் பார்த்து மகன் தீட்டுகிறான். மகன் தீட்டியதைப் பார்த்துப் பேரன் தீட்டுகிறான். நாளடைவில் தோட்டத்துப் பூவை எவரும் பார்ப்பதில்லை. கலத்திலுள்ள பூவே பூவென்றாகி விடுகிறது. கை பழகிக்கொள்கிறது, கண் உறங்கி விடுகிறது. இந்த உறக்கத்தைக் கலைப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர், யப்பான் நாட்டுப் பாண்டக் கலைஞர் தோமிமோத்தோ கென்கிச்சி.

இவர் 1886ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம் நாள், நாரா மாகாணத்தில் அந்தோ என்னும் கிராமத்திற் பிறந்தார். பழம்பெருமை வாய்ந்த ஹோரியுஜி பௌத்த ஆலயத்துக்கு அண்மையில் உள்ளது அக்கிராமம். தந்தை வழி நிலவுடைமைக் குடும்பம். குயவர் குடி அன்று. தோக்கியோ நுண்கலைப் பள்ளியிற் சேர்ந்து அவர் பயின்றதும் பாண்டக் கலை அன்று. கட்டடங்களின் உள்ளலங்காரமும் வடிவமைப்புமே. மண்ணைத் தொட்டு வேலை செய்யும் எண்ணம் அக்காலத்தில் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1908ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இலண்டன் மாநகருக்குப் பயணமானார். ஆங்கிலக் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ் என்பாரின் கொள்கை அவரை ஈர்த்திருந்தது. இயந்திரம் மலிவாக உற்பத்தி செய்து குவிக்கும் அழகற்ற பொருள்களுக்கு மாறாக, மக்கள் நாள்தோறும் புழங்கும் பொருள்கள் யாவும் கைத்திறனும் அழகும் உடையனவாதல் வேண்டும் என்பது மொறிசின் கொள்கை. இலங்கைத் தமிழரான கலைஞானி ஆனந்த குமாரசுவாமியும் இக்கொள்கையாற் கவரப்பட்டவரே. சிங்களக் கைவினைகளைப் பற்றிய அவருடைய பெருநூல், மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அச்சிடப்பட்டு 1908இல் நிறைவெய்தியது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இலண்டனில் தோமிமோத்தோ வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அமைக்குங் கலையைக் கற்றார். ஆயினும், விக்டோரியா அல்பேட் நூதனசாலையே அவருக்கு உண்மையான பள்ளிக்கூடமாய் விளங்கியது. பல நாடுகளின் துணிகளையும் கலங்களையும் மரவேலைகளையும் அங்கே கண்டு, குறிப்பேடுகளில் வரைந்துகொண்டார். ஒரு கட்டடக் கலைஞருக்கு உதவியாளராக எகிப்துக்கும் இந்தியாவுக்குஞ் சென்று, 1910ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். மொறிசைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1912இல் யப்பானியக் கலைச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது.

அவருடைய வாழ்க்கையை மண்ணின் பக்கம் திருப்பியது ஒரு விருந்து. 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பேர்னாட் லீச் என்னும் ஆங்கிலேய ஓவிய நண்பரோடு அவர் தோக்கியோவில் ஒரு கூட்டத்துக்குச் சென்றார. வந்தவர்களுக்குச் சுடப்பட்ட வெறுங் கலங்களும் தூரிகையும் வண்ணமும் கொடுக்கப்பட்டன. அவர்கள் தீட்டிய கலங்கள் மெருகு தோய்க்கப்பட்டுச் சிறு சூளையில் வைக்கப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே செந்தணலாய் வெளியே வந்தன. ராக்கு எனப்படும் இவ்வகைச் சுடுமுறை லீச்சின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. அவர் ஒகத்தா கென்சன் மரபின் ஆறாம் தலைமுறை ஆசிரியரிடம் மாணாக்கராகச் சேர்ந்தபோது, தோமிமோத்தோ மொழிபெயர்ப்பாளராய் உடன் சென்றார். நண்பருக்காகச் சொல்லை மொழிபெயர்க்கப் போனவர், தாமும் அத்தொழிலுக்கே ஆட்பட்டார்.

1913ஆம் ஆண்டு அந்தோவிலுள்ள தமது வீட்டில் எளியதொரு ராக்குச் சூளையைக் கட்டினார். 1914இல், யப்பானியப் பெண்களின் விடுதலைக்குக் குரல் கொடுத்த 'செய்த்தோ' இதழின் குழுவைச் சேர்ந்த ஓவியரான ஒத்தாக்கே கசுவே என்பவரை மணந்தார். 1915இல் பெரிய சூளையொன்று எழுந்தது. பரம்பரையாகத் தொழில் அறிந்தவர் அல்லராதலின், மண்ணின் இயல்பையும் மெருகின் கலவையையும் தீயின் போக்கையும் பெரும்பாலும் தாமாகவே சோதித்து அறியவேண்டியவரானார்.

அந்தோவில் வாழ்ந்த காலத்திலேதான் அவர் தமக்கென ஒரு நியதியை வகுத்துக் கொண்டார். முன்னிருந்த கோலத்தைப் பார்த்துப் புதுக்கோலம் செய்யலாகாது என்பதே அந்நியதி. சொல்வதற்கு எளிதாகத் தோன்றினும், கடைப்பிடித்தற்கு அரியது இது. சீனம், கொரியா, யப்பான் ஆகிய மூன்று நாடுகளின் ஈராயிரம் ஆண்டுச் செல்வமும் கண்முன்னே கிடக்க, அதில் ஒன்றையுந் தொடாமல் விடுவது எத்துணைக் கடினம்! தோமிமோத்தோ பழையனவற்றை வெறுத்தாரல்லர். கொரிய நாட்டு வெண்கலயங்களை அவர் பெரிதும் போற்றினார். ஆனால், பார்த்துப் போற்றுதல் வேறு, பார்த்து எழுதுதல் வேறு எனக் கருதினார். ஆகவே குறிப்பேட்டுடன் வயல்வெளிக்குப் போனார். ஊருக்கு வெளியே வளைந்து செல்லும் பாதை, மூங்கிற் காட்டின்மேல் எழுந்த நிலவு, யமத்தோ ஆற்றின்மேற் பொழிந்த திடீர் மழை ஆகிய இவையே அவருடைய கலங்களில் ஏறின. அந்த வளைந்த பாதையை அவர் பிற்காலத்திலும் திரும்பத் திரும்பத் தீட்டினார்.

இயற்கையைக் கண்டபடியே பெயர்த்தெழுதினார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவருடைய புகழ்பெற்ற நான்கிதழ்ப் பூக்கோலம் இதனை நன்கு விளக்கும். தெய்க்கா என்னும் கொடியின் சிறு வெண்பூவிலிருந்து பிறந்தது அது. அப்பூவுக்கு இயற்கையில் ஐந்து இதழ்கள். ஐந்திதழ்ப் பூவை வரிசை வரிசையாக அடுக்கினால், இடையிடையே ஒவ்வாத இடைவெளிகள் தோன்றும். நான்கு இதழாக்கினாலோ, பூவோடு பூ நாற்புறமும் பொருந்தி, கலம் முழுவதையும் ஒரு வலைபோற் போர்த்து விடும். கலயமோ தட்டையான தாள் அன்று. கழுத்திற் குறுகி, வயிற்றில் விரிந்து, அடியில் மீண்டும் ஒடுங்குவது. அதற்கேற்பப் பூவும் சிறுத்துப் பெருத்துச் சிறுத்தல் வேண்டும். நூற்றுக்கணக்கான பூக்களும் கையாலேயே தீட்டப்படுவன. முதலிற் பூவைப் பார்த்தல், பின்னர்க் கலத்தைப் பார்த்தல், அதன்பின் இரண்டையும் இணக்குதல் என்பதே அவர் கண்ட முறை. பன்னச் செடியின் இலைகளைச் சாய்சதுரமாக இணைத்து அவர் அமைத்த கோலமும் இத்தகையதே.

கலத்தின் உருவமே உடல், கோலம் அதன் உடை என்பது அவர் கருத்து. உடல் செவ்விதாய் அமையாவிடின் உடை அதனை மறைக்கலாமேயன்றித் திருத்த இயலாது. அதனாலேயே, ஒப்பனைக்குப் பேர்போன இக்கலைஞர், கோடு ஒன்றுமில்லாத தூய வெண்பீங்கான் கலயங்களையும் வாழ்நாள் முழுவதும் செய்துவந்தார். அவை அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பரீட்சை எனலாம்.

1926ஆம் ஆண்டு அவர் குடும்பத்தோடு தோக்கியோவிற் குடியேறினார். அதே ஆண்டில், நாட்டார் கைவினைகளுக்கு ஒரு நூதனசாலை அமைக்கவேண்டுமென விடுக்கப்பட்ட அறிக்கையில், யனகி முனேயோசி, ஹமதா சோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோருடன் அவரும் கையொப்பமிட்டார். ஆயினும் இவ்வுறவு நெடுங்காலம் நிலைக்கவில்லை. பெயர் அறியப்படாத தொழிலாளி, தன்னை மறந்து, மரபு வழி செய்யும் பொருளிலேயே உயர்ந்த அழகு உண்டு என்றார் யனகி. ஒருவன் தன் கண்ணாற் கண்டு தானே படைப்பதே கலை என்றார் தோமிமோத்தோ. நண்பர்களை இழக்க நேரினும் அவர் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

எனினும், ஏழை மக்களின் உணவுத் தட்டை அவர் மறந்துவிட்டார் என்று எண்ணலாகாது. ஒரு கலைஞன் ஆண்டெல்லாம் உழைத்துச் செய்யுஞ் சில கலயங்கள் செல்வர் வீட்டு அலுமாரிக்கே போய்ச் சேரும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே சிகரக்கி, ஹசமி, செத்தோ முதலிய பாண்ட உற்பத்தி ஊர்களுக்குச் சென்று, அங்குள்ளோர் செய்த மலிவான கலங்களிலே தம் கோலங்களைத் தீட்டினார். பிற்காலத்தில், தாம் வகுத்த மாதிரிகளைக் கைவினைஞர் பலர் பார்த்துத் தீட்டி விற்கவும் வழிசெய்தார். மொறிசின் கனவு அவரிடம் இவ்வாறு உயிர்பெற்றது.

1936ஆம் ஆண்டு குத்தானிப் பகுதியிலே தங்கி, மெருகின்மேற் பலவண்ணந் தீட்டும் முறையை ஆராய்ந்தார். பீங்கான் ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்திற் சுடப்படுவது. அத்தீயைத் தாங்கும் வண்ணங்கள் சிலவே. ஆகவே, மெருகேற்றிச் சுட்ட கலத்தின்மேற் செம்மை, பசுமை முதலிய வண்ணங்களைத் தீட்டி, 800 பாகை அளவில் மீண்டும் சுடுவர். பொன்னும் வெள்ளியும் அதன்பின்னரே ஏறும். இங்குதான் இரண்டு இடையூறுகள் குறுக்கிட்டன. வெள்ளி காற்றுப்பட்டு நாளடைவிற் கறுத்துவிடும். பொன்னும் வெள்ளியும் கலத்தில் ஒட்டுதற்கு வேண்டிய வெப்பமும் ஒன்றன்று. தோமிமோத்தோ வெள்ளியுடன் பிளாட்டினத்தைக் கலந்து, கறுக்காத வெண்மையைப் பெற்றார். பொன்னையும் வெள்ளியையும் ஒரே சூட்டில் ஒட்டவைக்கும் வழியையுங் கண்டார். செந்நிறத் தளத்தில் பொன்னும் வெள்ளியும் பூத்துக் குலுங்கும் அவருடைய பிற்காலப் பேழைகளும் கலயங்களும் இம்முயற்சியின் பயனேயாம்.

இவ்வெற்றி அமைதியான வாழ்விற் கிட்டியதன்று. போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், அரசு கலைக்கழக உறுப்புரிமையையும் தோக்கியோ நுண்கலைப் பள்ளிப் பேராசிரியர் பதவியையும் அவர் துறந்தார். குடும்பத்தையும் பிரிந்து, அறுபதாவது வயதிலே தனியராய் அந்தோவுக்குத் திரும்பினார். பின்னர்க் கியோத்தோ நகருக்குச் சென்று, பிறருடைய பணிமனைகளிலும் சூளைகளிலும் இடம்பெற்று வேலையைத் தொடர்ந்தார். சூளையும் இல்லமும் இழந்த அந்த முதுமையிலேதான் அவருடைய கலை மிக ஒளி பெற்றது.

1950இல் கியோத்தோ நகர நுண்கலைக் கல்லூரியிற் பேராசிரியரானார். 1955இல் யப்பானிய அரசு, அரிய கைத்திறனைக் காத்துவருவோர் என முதன்முதலாகத் தெரிந்தெடுத்த கலைஞர் வரிசையில், பலவண்ணப் பீங்கானுக்காக அவரையுஞ் சேர்த்துக்கொண்டது. மக்கள் இத்தகையோரை 'வாழும் தேசியச் செல்வம்' என அழைப்பர். 1961இல் பண்பாட்டு விருது கிடைத்தது. 1963ஆம் ஆண்டு அக்கல்லூரியின் தலைவராகி, அவ்வாண்டே யூன் மாதம் 8ஆம் நாள், எழுபத்தேழாம் வயதிற் காலமானார். தமக்குக் கல்லறை வேண்டா, எஞ்சியுள்ள படைப்புக்களையே கல்லறையாகக் கருதுக என்பது அவர் விட்டுச்சென்ற விருப்பம்.

அவரிடம் பயின்றோருள் கொந்தோ யூசோ, புஜிமோத்தோ யோசிமிச்சி என்னும் இருவர், முறையே 1977இலும் 1986இலும் அதே தேசியச் சிறப்பைப் பெற்றனர். முன்னவர் வெண்பீங்கானில் நீலத்தால் மலைகளையும் மாதுளையையும் வீறுடன் தீட்டினார். பின்னவர் பலவண்ணத்திற் பறவைகளை வரைந்தார். இருவரும் ஆசிரியரின் நான்கிதழ்ப் பூவைத் தம் அடையாளமாகக் கொள்ளவில்லை. ஆசிரியரைப் பார்த்து எழுதாமல், ஆசிரியர் பார்த்ததுபோல் உலகைப் பார்க்கக் கற்றுக்கொண்ட அவர்களே, அம்முதியவரின் நியதியை உள்ளபடி காத்தவர்கள்.